சீம்பாலுக்கு மஞ்சள் வந்த கதை

அந்தக் காலத்தில் ஆடுகளுக்குப் பேச்சு இருந்தது, பாம்புக்கும் இருந்தது. மேய்ச்சலுக்குப் போன ஆடு திரும்பி வந்ததும் எந்தக் காலில் முள் தைத்தது என்று தானே சொல்லிவிடும். பாம்பு மட்டும் வாயைத் திறப்பதில்லை. அதனிடம் யாரும் எதையும் கேட்டதுமில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். கும்பிடுகிற இடத்தில் யார்தான் பதிலுக்கு நிற்கிறார்கள்?

அப்போது எல்லாப் பாலும் ஒரே வெள்ளை. பிள்ளை பிறந்த அன்று சுரக்கிற பாலும் வெள்ளை, பிள்ளை தத்தித் தத்தி நடக்கிற நாளில் சுரக்கிற பாலும் வெள்ளை.

ஓடைக்கரை மேட்டில் ஆடு மேய்க்கிற ஜனங்கள் குடிசை போட்டு இருந்தார்கள். நல்ல ஜனங்கள். கொஞ்சம் அளவுக்கு மீறியே நல்லவர்கள் என்று சொல்ல வேண்டும். முதலில் விளைகிற கதிர் சாமிக்கு, முதலில் பழுக்கிற பழம் சாமிக்கு என்று கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை அவர்களுடையது. அந்தப் பழக்கத்தில் முதல் பாலையும் சாமி கணக்கில் சேர்த்துவிட்டார்கள். சாமி என்றால் வேலமரத்தடிப் புற்று. அதற்குள் ஒரு நல்ல பாம்பு இருந்தது. ஆடு ஈன்றாலும் சரி, பெண் பெற்றாலும் சரி, மூன்று நாள் பாலைக் கொட்டாங்கச்சியில் பீய்ச்சிக் கொண்டுபோய்ப் புற்றில் ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டுப் புற்றுக்கு மஞ்சள் பூசிக் கும்பிட வேண்டும். அதுவரை குட்டிக்குக் கஞ்சித் தெளிவு. பிள்ளைக்குத் தேன் கரைத்த தண்ணீர், துணித்திரியில் நனைத்து நாக்கில் வைப்பார்கள்.

பிள்ளை பிழைத்தால் சாமி கொடுத்தது என்பார்கள், பிழைக்காவிட்டால் சாமி எடுத்துக்கொண்டது என்பார்கள். இரண்டுக்கும் பாம்புதான் பொறுப்பு. பாவம், அதற்கு இந்தச் சங்கதி எதுவுமே தெரியாது.

அந்தக் குடிசைகளில் ஒன்றில் விருமாயி இருந்தாள், ஆட்டுக்காரன் சடையனின் மனைவி. முந்தின வருஷம் அவளுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. மூன்று நாள் கழித்து மார்பில் போட்டபோது அதற்கு வாய் திறக்கத் தெம்பில்லை. தேன் தண்ணீரோடு வந்தவன் தேன் தண்ணீரோடு போய்விட்டான். இப்போது மறுபடி ஒரு பிள்ளை பிறந்திருந்தது. பெண். பிறந்ததும் அது போட்ட சத்தத்தில் வெளியே கட்டியிருந்த நாய் எழுந்து நின்றது. இவள் இருப்பாள், இவளை விடமாட்டேன் என்று விருமாயி அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே நினைத்துக்கொண்டாள்.

அவளுடைய மாமியார் ஒச்சம்மா பொல்லாதவள் இல்லை. வெந்நீர் வைத்து மருமகளுக்கு இடுப்பில் ஊற்றியதும், பூண்டை நசுக்கிக் குழம்பு வைத்ததும், கண்மூடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவள்தான். ஆனால் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு மார்பைத் தேடியபோது, கொட்டாங்கச்சியோடு வந்து நின்றதும் அவளேதான்.

"அத்தை, ஒரே ஒரு வாய் குடுத்துக்கிறேனே. எப்படித் தேடுது பாருங்க."

"தேடத்தான் செய்யும். உன் புருசனும் இப்படித்தான் தேடினான். மூணு நாள் பொறுத்துக்க தாயி. சாமி பங்கை எடுத்துப் பிள்ளைக்குக் குடுத்தா, அது நமக்குத் தங்குமா?"

போன வருஷம் சாமி பங்கை ஒழுங்காகக் கொடுத்தும் தங்கவில்லையே என்று கேட்டிருக்கலாம். கேட்காமலே விருமாயி கொட்டாங்கச்சியை வாங்கிப் பாலைப் பீய்ச்சினாள்.

மறுநாள் பிள்ளையின் சத்தம் இறங்கிவிட்டது. நாயை எழுப்பிய குரல், பூனைக்குட்டியின் முனகலாகிவிட்டது. விருமாயிக்கும் உடம்பு சரியில்லை. மார்பு கட்டிப்போய்க் கல்லாகக் கனத்தது. குளிரெடுத்தது. உதிரப்போக்கும் நின்றபாடில்லை. எழுந்தால் கண் இருட்டியது.

ஒச்சம்மா தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில், நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள ஆடு ஒன்று குடிசை வாசலுக்கு வந்தது. சுட்டிக்காரி என்று அதற்குப் பெயர். விருமாயி பெற்ற அதே நாளில்தான் அதுவும் ஈன்றது. அதன் குட்டி வாசலில் கிடந்த உலக்கையைத் தாண்டிக் குதித்தது, திரும்பவும் தாண்டிக் குதித்தது.

"உன் குட்டி மட்டும் எப்படி இந்தத் துள்ளுத் துள்ளுது? மத்ததெல்லாம் கழுத்தைத் தொங்கப்போட்டுக் கெடக்குதே" என்றாள் விருமாயி.

சுட்டிக்காரி அக்கம்பக்கம் பார்த்தது. "யார்கிட்டயும் சொல்லமாட்டியே?"

"சொல்லமாட்டேன், சொல்லு."

"மேய்ச்சலுக்குப் போன எடத்துல, கள்ளிப் புதருக்குப் பின்னால ஈன்னுட்டேன். உன் புருசன் வந்து பாக்குறதுக்குள்ள இது எந்திரிச்சு மடியில முட்டிருச்சு. தடுக்கணும்னுதான் நெனச்சேன். மனசு வரல விருமாயி, குடிக்க விட்டுட்டேன். அப்புறமும் யாரும் பாக்காதப்ப குடுத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"ஐயோ, சாமி பங்கையா?"

"முழுசையும் கேளு. இது குடிக்கக் குடிக்க என் வயித்துக்குள்ள யாரோ கயிறு போட்டு இழுக்கிற மாதிரி சுருங்குச்சு. கொஞ்ச நேரத்துல நஞ்சுக்கொடி விழுந்துருச்சு, உதிரமும் கொறைஞ்சுபோச்சு. எம் பக்கத்துல கட்டியிருக்கிற செவலையப் பாரு, இன்னும் கொடி விழாம முனகிக்கிட்டு நிக்கிறா. குட்டி பொழைக்கட்டும்னு நான் குடுத்தேன். அது என்னையும்ல பொழைக்க வச்சிருக்கு!"

விருமாயி தன் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். "எனக்கு வர்றதே கொஞ்சூண்டு. அது இவளுக்கு எந்த மூலைக்குக் காணும்?"

"அவ வயிறு என்ன குடமா? நெல்லிக்காயைவிடச் சின்னது. இப்ப ஊறுறது அதுக்குப் போதும். குடிக்கக் குடிக்கத்தான் மேல ஊறும். குடிக்க விடாம வச்சா, நம்மளை யாருமே தேடலபோலன்னு பால் நெனச்சுக்கும்."

"சாமி கோவிச்சுக்காதா?"

"இதுவரைக்கும் கோவிக்கல" என்றது சுட்டிக்காரி. "இனிமே கோவிக்குமான்னு எனக்குத் தெரியாது. எனக்கும் பயந்தான்." ஒச்சம்மாவின் குடம் தூரத்தில் தெரிந்ததும் அது குட்டியைக் கூட்டிக்கொண்டு நழுவிவிட்டது.

மூன்றாம் நாள், பெற்றவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புற்றுக்குப் போய்ப் பாலை ஊற்ற வேண்டும் என்பது வழக்கம். ஒச்சம்மா ஒரு கையில் கொட்டாங்கச்சியும் மறு கையில் மருமகளின் முழங்கையுமாக நடந்தாள். நல்ல வெயில். பிள்ளை அழவில்லை, முனகவும் இல்லை. உதடு வெடித்திருந்தது. விருமாயி நடக்கிற நேரமெல்லாம் அதன் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தபடியே வந்தாள்.

புற்று மஞ்சள் மஞ்சளாக நின்றது. எத்தனையோ தாய்மார் பூசிய மஞ்சள், ஒன்றன்மேல் ஒன்றாக அடை தட்டியிருந்தது. ஒச்சம்மா கொட்டாங்கச்சியை நீட்டினாள்.

விருமாயி வாங்கவில்லை. புற்றைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"சாமி, போன வருசம் கேட்டதைக் குடுத்தேன். என் மகன் போயிட்டான். இவளை நான் குடுக்கமாட்டேன். கோவம்னா என்மேல காட்டு, இவமேல காட்டாத."

சொல்லிவிட்டு அங்கேயே வேரின்மேல் உட்கார்ந்தாள். முந்தானையை விலக்கிப் பிள்ளையை மார்பில் சேர்த்தாள். பிள்ளையின் வாய் வழுக்கி விலகியது. மறுபடி வைத்தாள், மறுபடி விலகியது. ஒரு சொட்டைப் பிழிந்து உதட்டில் தடவினாள். நாக்கு வெளியே வந்து அதைத் தொட்டுப் பார்த்தது. பிறகு வாய் அகலத் திறந்து, கப்பென்று பிடித்துக்கொண்டது.

"அடி பாவி! என்ன காரியம் பண்ணிட்ட!" என்று ஒச்சம்மா அலறினாள். கொட்டாங்கச்சி கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் புற்றின் வாயிலிருந்து பாம்பு தலையை நீட்டியது. முழுதாக வெளியே வந்து படம் எடுத்து நின்றது. படமெல்லாம் மஞ்சள் அப்பியிருந்தது.

விருமாயி எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பிள்ளையின் வாய் விலகிவிடும். ஆனால் ஒச்சம்மா, அதுவரை சாமி சாமி என்று நடுங்கியவள், ஒரே பாய்ச்சலாக ஓடிவந்து மருமகளுக்கும் பாம்புக்கும் நடுவில் நின்றாள்.

"என்னைக் கடி சாமி! சின்னஞ்சிறுசுங்க தெரியாம செஞ்சிருச்சு. அவங்களை விட்டுட்டு என்னைக் கடி!"

"ஒதுங்கு ஆத்தா" என்றது பாம்பு. "உன்னைக் கடிச்சு நான் என்ன பண்ண? பிள்ளை குடிக்குதான்னு பாக்க வந்தேன். நடுவுல நின்னு மறைக்கிற."

ஒச்சம்மா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"உங்களுக்கு நான் பால் கேட்டேனா?" பாம்புக்குப் பேச்சு வந்ததும் நிற்கவில்லை. வருஷக்கணக்காக அடைத்து வைத்திருந்த பேச்சல்லவா! "எனக்குச் சப்பத் தெரியாது. எங்க இனத்துல தாய்ப்பாலே கெடையாது. முட்டைய விட்டு வெளிய வந்ததுமே எரை தேடிப் போறவங்க நாங்க. நீங்க ஊத்துற பால் உள்ள வழிஞ்சு புளிச்சுப்போகுது. எறும்பு சாரை சாரையா வருது. அந்த நாத்தத்துல படுத்துத் தூங்கிப் பாத்தாத்தான் தெரியும்."

"இதை ஏன் சாமி எங்ககிட்டச் சொல்லல?" என்றாள் ஒச்சம்மா.

"நீங்க எப்பக் கேட்டீங்க? கும்பிட்ட கைய எறக்குறதுக்குள்ள ஓடிருவீங்களே."

ஒச்சம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் பாம்பின் குரல் தணிந்தது. அவள் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் மூணு பெத்தேன் சாமி. மூணு பேர் பாலையும் இங்கதான் ஊத்தினேன். ரெண்டு பேரை ஓடைக்கரையில பொதைச்சேன். சடையன் ஒருத்தன்தான் தப்பிச்சான். பாலாவது சாமி வயித்துக்குப் போச்சேன்னு சொல்லித்தான் இத்தனை வருசமா மனசைத் தேத்திக்கிட்டேன். நீ... அதைக் குடிக்கவே இல்லையா?"

பாம்பு படத்தைச் சுருக்கித் தலையைத் தாழ்த்திக்கொண்டது.

"இல்ல ஆத்தா. நான் குடிக்கல."

விருமாயிக்குத் தன் வலியே மறந்துவிட்டது. ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி மாமியாரின் தோளைத் தொட்டாள். பிள்ளை மடக் மடக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தது.

"ஊத்துன பாலைத் திருப்பித் தர முடியாது, மண்ணு குடிச்சிருச்சு" என்றது பாம்பு. "மஞ்சள் மட்டும்தான் மிச்சம் இருக்கு. உங்க மஞ்சள். எனக்குன்னு கொண்டாந்ததை எல்லாம் அந்தப் பிள்ளைக்கே குடுத்திருங்க."

ஒச்சம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். புற்றில் அடை தட்டியிருந்த மஞ்சளை இரண்டு கையாலும் வழித்தாள். அவள் பூசியது, அவள் மாமியார் பூசியது, இன்னும் பேர் தெரியாத எத்தனையோ பேர் பூசியது. எல்லாவற்றையும் கொண்டுவந்து மருமகளின் மார்பில், பிள்ளையின் வாயைச் சுற்றி, பதமாகத் தடவினாள்.

"சாமிக்கு வச்சதுடி இது. இனிமே எனக்கு நீதான் சாமி. குடி" என்றாள் பேத்தியிடம்.

பிள்ளை வாயை எடுத்து ஒரு மூச்சு விட்டது. அதன் கடைவாயில் வழிந்த பால் மஞ்சளாக இருந்தது, நல்ல கெட்டி மஞ்சள். விருமாயி அதை விரலால் துடைத்துப் பார்த்தாள், மறு மார்பைப் பிழிந்தும் பார்த்தாள். அதுவும் மஞ்சள்.

திரும்பி நடக்கும்போதே அவளுக்கு அடிவயிறு சுருங்கி இழுத்தது, சுட்டிக்காரி சொன்ன மாதிரியே. பொழுது சாய்வதற்குள் உதிரம் குறைந்தது. பிள்ளை குடிக்கக் குடிக்க மார்பின் கனம் இறங்கிக் காய்ச்சலும் விட்டது. மறுநாள் காலையில் ஒச்சம்மாவின் மடியில் கிடந்த பிள்ளை, அவள் சேலை நனைய நனைய ஒன்றுக்குப் போனது. "ஏலேய் சடையா, இங்க வந்து பாருடா, எம் பேத்தி என்னைக் குளிப்பாட்டிட்டா!" என்று அவள் கத்திய கத்தில் அக்கம்பக்கத்துக் குடிசைகளெல்லாம் கூடிவிட்டன. அன்றைக்கே பட்டிக் குட்டிகளை எல்லாம் தாய்களிடம் அவிழ்த்துவிட்டார்கள். சுட்டிக்காரிக்கு ரகசியத்தைக் காப்பாற்றுகிற வேலை மிச்சமாயிற்று.

அதன் பிறகு, சுற்றுவட்டாரத்தில் எங்கே பிள்ளை பிறந்தாலும் ஒச்சம்மா கூப்பிடாமலேயே போய் நின்றாள். மஞ்சள் நிறத்தைப் பார்த்துக் கெட்டுப்போன பால் என்று யாராவது கீழே பீய்ச்சப் போனால் கையைப் பிடித்துக்கொள்வாள். "நான் ரெண்டு பேரைக் குடுத்துத்தான் இதைத் தெரிஞ்சுக்கிட்டேன். நீ சும்மாவே தெரிஞ்சுக்க. பிள்ளையைப் போடு மார்ல" என்பாள்.

பாம்பு புற்றுக்குள் போய் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதால் அது பிறகு பேசவே இல்லை.

அன்று முதல்தான் ஆடானாலும் மாடானாலும் மனுஷியானாலும், பிள்ளை பிறந்ததும் சுரக்கிற முதல் பாலான சீம்பால் மஞ்சளாக வருகிறது. சாமி தனக்கு வேண்டாம் என்று பிள்ளைக்கு விட்டுக்கொடுத்த பங்கு அது.