சுவரிலிருந்து சுவர் வரை

செக்கடித் தோட்டம் என்ற குடியிருப்பில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். சீடருக்கு வயது அறுபத்து மூன்று. குருவுக்கு முப்பத்தெட்டு.

சீடர் தணிகாசலம், ஓய்வு பெற்ற சர்வேயர். ஊரில் பாதி நிலத்தை அளந்தவர். குரு செங்கமலம், தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். சர்வேயருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தெரு சிரித்தது. சிரிக்கட்டும் என்று அவர் விட்டுவிட்டார்.

அந்த உறவு ஒரு குப்பைமேட்டில் ஆரம்பித்தது. மூன்று வருஷத்துக்கு முன் தெருமுனையில் முழங்கால் உயரத்துக்குக் குப்பை கிடந்தது. தோட்டத்து வளர்ச்சிக் குழுவின் தலைவர் என்ற முறையில் தணிகாசலம் பதினான்கு மனுக்கள் எழுதினார். பதினான்குக்கும் மரியாதையாகப் பதில் வந்தது. குப்பை மட்டும் அங்கேயே கிடந்தது.

ஒரு நாள் காலை செங்கமலம் மண்வெட்டியோடு வந்து அதை வாரித் தள்ளினார். சுத்தமான இடத்தில் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். தன் வெள்ளைச் சட்டை மடித்து வைத்திருக்கிற இடத்தில் எவன் குப்பை கொட்டுவான்? அன்றோடு தீர்ந்தது.

"இந்த யோசனை எப்படிம்மா வந்தது?" என்று கேட்டார் தணிகாசலம்.

"வண்டி நிறுத்த எனக்கும் இடம் வேணுமே சார்."

அன்றிலிருந்து அவர் சீடர். குரு அதை ஒப்புக்கொள்ளவே இல்லை, அது வேறு விஷயம்.

பிறகு குழு சும்மா இருக்கவில்லை. எரியாத விளக்குகள் எரிந்தன. பாழாய்க் கிடந்த ரேஷன் கிடங்கு வாசகசாலை ஆனது. குழுவில் ஒரு வழக்கமும் வந்தது. எந்தத் தீர்மானமானாலும், அதனால் அதிகம் இழக்கப் போகிறவர்தான் முதல் கையெழுத்துப் போட வேண்டும். அந்த முதல் வரி நிரம்பாவிட்டால் கீழே நூறு பேர் போட்டிருந்தாலும் காகிதம் செல்லாது. வழக்கத்தைக் கொண்டுவந்தவர் செங்கமலம். எழுதி வைத்தவர் தணிகாசலம்.

ஒரு புதன்கிழமை காலை அவர் வண்டியருகே வந்து நின்றார். கையில் ஒரு தீர்மானம். கீழே எண்பத்தாறு கையெழுத்துகள். முதல் வரி காலி.

"என்ன சார் இது?"

"ரோடும்மா. இருபது அடி ரோடு. அதோட பூங்கா, குழாய், எல்லாம் வருது. அதிகாரி வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வர்றார். தீர்மானம் கையில இருந்தா அன்னிக்கே ஆர்டர்."

"ரோடு எந்தப் பக்கம் வருது?"

"வாய்க்கால் ஓரமா."

வாய்க்கால் ஓரத்தில் பத்தொன்பது வீடுகள் இருந்தன. அந்தப் பத்தொன்பதும் போக வேண்டும். அவர்களுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி, பஸ் போகாத இடத்தில் அடுக்குமாடி வீடு தருவார்களாம். திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு தனிக் கண் உண்டு. அது ரோட்டை எப்போதும் ஏழை வீட்டின் மேல்தான் பார்க்கும்.

செங்கமலம் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். இஸ்திரிப் பெட்டியைத் திறந்து கரியை ஊதினார்.

தணிகாசலத்துக்குக் குரல் உயர்ந்தது.

"உங்களுக்குத் தெரியாதது இல்ல. போன மாசி மாசம் என் சம்சாரம் வனஜாவுக்கு நெஞ்சு வலி. பட்டப்பகல். ஆம்புலன்ஸ் வந்துச்சு. என் வீட்டு வளைவுல திரும்ப முடியாதுன்னு மெயின் ரோட்டுலயே நின்னுடுச்சு. அவளை நாற்காலியில உக்கார வெச்சு மெயின் ரோடு வரைக்கும் தூக்கிட்டு ஓடினோம். பதினஞ்சு நிமிஷம் முன்னால வந்திருந்தா பொழைச்சிருப்பாங்கன்னு டாக்டர் சொன்னார். அந்தப் பதினஞ்சு நிமிஷத்தை எனக்கு யார் திருப்பிக் கொடுப்பா? இன்னொரு வீட்டுல இது நடக்கக் கூடாது. அதுக்குத்தான் கேக்கறேன். பத்தொன்பது வீடு பெரிசா, ஒரு உயிர் பெரிசா?"

செங்கமலம் ஒரு சட்டையின் காலரைத் தேய்த்து முடித்தார்.

"முதல் கையெழுத்து போட வேண்டியவங்களைப் போய்க் கேளுங்க சார்."

அவர் போனார். வாய்க்கால் ஓரத்து முதல் வீடு லூர்துவுடையது. விடிந்ததும் கூட்ஸ் ஷெட் லோடுமேன்களுக்கு இட்லி விற்கிற பெண். அன்று வனஜாவின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாலு பேரில் இரண்டு பேர் லூர்துவின் மகன்கள். மற்ற இரண்டு பேரும் வாய்க்கால் ஓரத்துக்காரர்கள்தான். அது தணிகாசலத்துக்குத் தெரியும். தெரிந்துதான் போனார். துக்கம் அவரை அந்த அளவுக்குக் கொண்டுபோயிருந்தது.

லூர்து கிரைண்டரை நிறுத்தினார்.

"படிங்க சார்."

படித்தார். லூர்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

"வேன் உள்ள வரும், இல்ல?"

"வரும்."

"வனஜாம்மா இருக்கறப்பவே வந்திருக்கலாம்." பேனா காகிதத்தின் மேல் நின்றது. "செங்கமலம் என்ன சொல்லுச்சு?"

தணிகாசலத்துக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"ஒண்ணும் சொல்லல."

லூர்து பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"அது வாயைத் திறக்கட்டும் சார். அப்புறம் போடறேன்."

தணிகாசலம் வேகமாகத் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிரும். ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க? வாய்க்கால் ஓரத்தை விட்டா வேற வழியே இல்ல. நம்ம தெருவை நானே அளந்திருக்கேன். வளைவுல ஒன்பதரை அடி. அதுல எந்த வேனும் திரும்பாது."

"எங்கிருந்து அளந்தீங்க?"

"சுவர்ல இருந்து சுவர் வரைக்கும்."

"எந்தச் சுவர்?"

"என் வீட்டுக் காம்பவுண்டு சுவர்தான். வளைவுல வேற எது இருக்கு?"

செங்கமலம் பெட்டியை இறக்கி வைத்தார். "டேப் இருக்கா சார்? வாங்க, இன்னொரு தடவை அளப்போம். நான் ஒரு முனையைப் பிடிச்சுக்கறேன்."

எதிர்ச் சுவரோரம் தணிகாசலம் நின்றார். செங்கமலம் டேப்பின் முனையை இழுத்துக்கொண்டு அவர் வீட்டை நோக்கி நடந்தார். சுவர் வந்தது. அவர் நிற்கவில்லை. கேட்டைத் திறந்தார். அனுமதி கேட்கவில்லை. குரோட்டன்ஸ் தொட்டிகளைத் தாண்டினார். மல்லிகைக் கொடிக்கு அடியில் குனிந்து, சருகைக் கையால் ஒதுக்கினார். அங்கே ஒரு கல் இருந்தது. எல்லைக் கல். தலையில் கூட்டல் குறி போட்டது.

டேப்பை அதன் மேல் வைத்தார்.

"படிங்க சார்."

தணிகாசலம் படிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மற்றவர்கள் வீட்டில் இப்படிப்பட்ட கற்களைத் தேடிக் கண்டுபிடித்தவர் அவர். இந்தக் கல்லையும் அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருஷத்துக்கு முன் தெருவே ஆளாளுக்குச் சுவரை முன்னால் இழுத்துக் கட்டியபோது அவரும் இழுத்தார். கல்லை மறைக்க மல்லிகை வைத்தது வனஜா. வைக்கச் சொன்னது அவர்.

"படிங்க."

"பதினஞ்சே முக்கால்."

டேப் அவர் கையிலிருந்து நழுவிச் சுருண்டது. அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டு அழுதார். ஆறேகால் அடி. அந்த ஆறேகால் அடியில் அவர் குரோட்டன்ஸ் வளர்த்திருந்தார்.

செங்கமலம் தேற்றவில்லை. அவர் அழுது முடியும் வரைக்கும் பக்கத்தில் நின்றார்.

"உங்களுக்கு இது முன்னமே தெரியுமா?"

"ஆம்புலன்ஸ் நின்ன அன்னிக்கே தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

"அன்னிக்குச் சொல்லியிருந்தா நீங்க அழுதிருப்பீங்க சார். சுவர் அப்படியே நின்னுருக்கும்."

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தணிகாசலம் கடப்பாரையோடு தெருவில் நின்றார். பேனா பிடித்த கை. பத்து இடி இடித்தும் காரைதான் உதிர்ந்தது. சத்தம் கேட்டு ஜன்னல்கள் திறந்தன.

எதிர்வீட்டு சபாபதி, பேங்கில் மேனேஜராக இருந்தவர், பனியனோடு ஓடி வந்தார்.

"என்ன சார் பண்றீங்க? முந்தாநாள்தான் என்கிட்ட கையெழுத்து வாங்கினீங்க!"

"அந்தக் காகிதம் இனிமே இல்ல. நம்ம தெருச் சுவரெல்லாம் எல்லைக் கல்லுக்குப் பின்னால போகுது. புதுத் தீர்மானம் எழுதியிருக்கேன்."

"அதிகாரி தர்ற ரோட்டை வேண்டாங்கறீங்களா? பூங்காவும் போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"உங்க வீட்டுல செத்துட்டாங்கன்னு நான் என் சுவரை இடிக்கணுமா?"

சொன்ன பிறகு சபாபதிக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தணிகாசலம் இன்னொரு இடி இடித்தார்.

லூர்து தன் இரண்டு மகன்களோடு வந்தார்.

"இப்படிப் பிடிச்சா சாயந்தரம் வரைக்கும் ஆகும் சார். குடுங்க இங்க."

"வேணாம்மா. உங்க வீட்டை எடுக்க வந்தவன் நான்."

"வந்தீங்க, போயிட்டீங்க. குடுங்க."

ஒன்பது மணிக்குள் சுவர் கிடந்தது. மல்லிகையும் அதோடு போனது. தணிகாசலம் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை. ஒரு கிளையை ஒடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் குழு கூடியது. புதுத் தீர்மானத்தில் முதல் வரியில் தணிகாசலம் கையெழுத்துப் போட்டார். வரிசையில் அடுத்து யாரும் நகரவில்லை. பிறகு மூன்று வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் சபாபதி. யாரையும் பார்க்காமல் போட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் மொத்தம் பன்னிரண்டில் நாலு சுவர்கள் விழுந்திருந்தன. மற்ற எட்டும் முறைத்துக்கொண்டு நின்றன. ஆனால் வளைவு திறந்துவிட்டது.

அதிகாரியின் வண்டி வந்தது. வழக்கமாக மெயின் ரோட்டிலேயே இறங்கி, பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறவர். அன்று வண்டி உள்ளே வந்தது, வளைவில் அலுங்காமல் திரும்பியது, லூர்துவின் சந்து வரைக்கும் போய்க் குறுக்காக நின்றது. தெருவே பின்னால் ஓடியது. செங்கமலமும் பெட்டியை மூடி வைத்துவிட்டு வந்தார்.

அதிகாரி இறங்கிக் கையை நீட்டினார்.

"தீர்மானம்?"

தணிகாசலம் கொடுத்தார். அதிகாரி படித்தார். முகம் கறுத்தது.

"இது நான் கேட்டது இல்லையே. வாய்க்கால் ஓரம் எங்க?"

"வாய்க்கால் ஓரம் இருக்கற இடத்துல இருக்கு. யாரும் எங்கயும் போகல."

"நீங்க சர்வேயரா இருந்தவர். உங்களுக்கு விதி தெரியும். திட்டத்துல இந்தத் தெரு இல்ல. ஒரு கல் கூடப் போட மாட்டோம். பூங்கா கிடையாது, குழாய் கிடையாது."

"சரி."

"என்ன சரி? வளர்ச்சிக்கு ஒத்துழைக்காத பகுதின்னு எழுதிட்டுப் போயிடுவேன். அப்புறம் பத்து வருஷத்துக்கு ஒருத்தனும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டான்."

தணிகாசலம் அரசாங்கக் காகிதத்துக்கு முப்பத்தைந்து வருஷம் பயந்து பழகியவர். ஆனாலும் வாயைத் திறந்தார்.

"எழுதுங்க. என் பேரையும் சேர்த்து எழுதுங்க. தணிகாசலம், முதல் கையெழுத்து."

அதிகாரி அவரை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். லூர்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். சபாபதி கூட நகரவில்லை. கடைசியில் அதிகாரியின் பார்வை செங்கமலத்தின் மேல் விழுந்தது. கரி படிந்த கை, கலைந்த தலை. இவளிடம் பேசினால் மசிந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

"ஏம்மா, பெரியவர் ஏதோ கோபத்துல பேசறார். நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா? நான் பேனாவை எடுத்து எழுதிட்டேன்னா உங்க கதி என்ன ஆகும்?"

"எழுதுங்க சார்," என்றார் செங்கமலம். "வண்டியை முதல்ல ஓரமா எடுத்துட்டு, அப்புறம் நின்னு நிதானமா எழுதுங்க. நீங்க நிறுத்தியிருக்கறது ஆம்புலன்ஸ் வர்ற வழி."