ஒரு பக்கம் மட்டும் பிடித்த ரம்பம்

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று கேட்டு என்னை மடக்காதீர்கள், மரக்காரர்கள் மார்நிமிர்த்தி நடந்த நாடு ஒன்று இருந்தது. அங்கே இரண்டு சங்கங்கள். காட்டை வளர்த்து, முற்றிய மரத்தை வெட்டி இறக்குவது காட்டுச் சங்கம், தலைவர் வேடியப்பர். சாலையிலும் கோயிலிலும் நிற்கிற மரங்களுக்கு வைத்தியம் பார்ப்பது ஊர்மரச் சங்கம், தலைவர் மருதையா. தொழிலைப் பற்றி இருவருக்கும் அப்படியொரு பெருமை!

ராஜாவின் பிறந்தநாளுக்கு முன்தினம் இரு சங்கமும் ஆளுயர மாலை ஆளுக்கொன்று போட்டன. ராஜாவுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

"மரம் மரம்தானே, அதற்குச் சங்கம் ஏன் இரண்டு? ஒன்றாக்குங்கள்!" என்றார்.

பிரதானி திருமேனியாருக்கு வாயெல்லாம் பல். புளிக்கும் புங்கைக்கும் வித்தியாசம் தெரியாத தன் மைத்துனன் அம்பலவனைப் புதுச் சங்கத்துக்குத் தலைவனாக்கலாம். கண்ணை உறுத்தும் விகடகவி பூவராகனையும் தொலைத்துத் தலைமுழுகலாம்.

"மகாராஜா, இப்பொறுப்பைப் பூவராகனிடம் ஒப்படையுங்கள். காலைக்குள் முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்."

அன்று மாலைக் காற்றில் அரண்மனை மருதமரத்தின் பெரிய கிளையொன்று பாதி முறிந்து யானைவாசலை அடைத்துக்கொண்டது. பூவராகன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தலைவர்கள் இருவரும் ஓடிவந்தார்கள்.

"எங்க பேரையே அழிக்கப் பாக்குறாங்க சாமி," என்றார் வேடியப்பர்.

"நீங்களும் போயிட்டா எங்களுக்குப் பேச யாரு இருக்கா?" என்றார் மருதையா.

"காலையில நான் சொல்றபடி செய்யுங்க. கோவம் மட்டும் படாதீங்க."

காலையில் பிறந்தநாள் ஊர்வலத்துக்காக யானைவாசலுக்கு வந்த ராஜா திகைத்தார். இரு தலைவர்களையும் தோளோடு தோள் சேர்த்துக் கயிற்றால் கட்டி, இருபுறமும் கைப்பிடி வைத்த பெரிய ரம்பத்தின் ஒரே பிடியை இருவர் கையிலும் கொடுத்திருந்தான் பூவராகன்.

"ஆணைப்படி ஒன்றாக்கிவிட்டேன், மகாராஜா."

"நல்லது. கிளையை அறுக்கட்டும்."

இருவரும் தள்ளினார்கள். ரம்பம் நெளிந்து நின்றது. உள்ளே பட்டத்து யானை பிளிறியது.

"மறுபக்கம் ஆள் எங்கே?"

"ஒன்றான சங்கத்துக்கு மறுபக்கம் ஏது, மகாராஜா?"

பிரதானி சும்மா இருப்பாரா? மறுபக்கம் பிடிக்க அம்பலவனை முன்னே தள்ளினார். அவனோ இழுக்க வேண்டிய ரம்பத்தை மூச்சைப் பிடித்துத் தள்ளினான். அது வளைந்து திருப்பித் தள்ள, யானைச் சாணத்தில் போய் உட்கார்ந்தான். சபை கொல்லென்று சிரித்தது.

ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அட, அவர்களை அவிழ்த்துவிடய்யா! ஒருவர் அந்தப் பக்கம் போகட்டும்!"

"அவிழ்த்தால் இரண்டாகிவிடுவார்களே?"

"ஆகட்டும்! அவிழ்!"

அவிழ்த்ததுதான் தாமதம், மருதையா அந்தப் பக்கம் போய் நின்றார்.

"தாய்மரத்துப் பட்டையில ரம்பப் பல்லு படக்கூடாது, அண்ணே."

"படாது. கிளை இடது பக்கமாத்தான் உருளும், நீங்க கால எடுத்துக்குங்க."

ஒருவர் இழுக்க மற்றவர் விட்டுக்கொடுத்தார். மற்றவர் இழுக்க இவர் விட்டுக்கொடுத்தார். மரத்தூள் பறந்தது. கிளை இடது பக்கமாகவே உருண்டது. மரத்தில் ஒரு கீறல் இல்லை! இரு சங்கத்தாரும் போட்ட ஆரவாரத்தில், வெளியே வந்த யானையே ஒரு கணம் தயங்கி நின்றது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் ஆணையை என் வாயாலேயே அவிழ்க்க வைத்துவிட்டாயே, பூவராகா!"

"போட்டதும் தங்கள் வாய், அவிழ்த்ததும் தங்கள் வாய். அடியேன் போட்டது ஒரு முடிச்சுதான்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் பூவராகன் கழுத்தில் போட்டார். "சங்கங்கள் இரண்டாகவே இருக்கட்டும். அரண்மனை வேலைக்கு மட்டும் சேர்ந்தே வரவேண்டும்!"

வேடியப்பரும் மருதையாவும் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, பட்டத்து யானைக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள்.