உப்பு மணலில் நின்ற கொக்கு

கடலுக்கும் முள்ளுக்காட்டுக்கும் நடுவிலே முள்ளோடை என்று ஒரு ஊர் இருந்ததாம். அந்த ஊருக்கு ஒரே ஒரு பள்ளிக்கூடம். மேலே ஓலைக் கூரை, சுவர் கிடையாது, கீழே முழுக்க மணல். சிலேட்டு வராத காலம், விரலாலே மணலில்தான் எழுத்து. அந்த மணல் எப்படி வந்தது? புதிதாகச் சேரும் பிள்ளை தன் வீட்டு வாசலிலிருந்து ஒரு ஓலைப்பெட்டி மணல் கொண்டுவந்து கொட்டும், மற்ற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அதைக் கையாலே கலந்துவிடுவார்கள். அதுதான் அங்கே வழக்கம்.

ராசா வேறு ஒரு சட்டம் போட்டிருந்தார். ஆடிப் பௌர்ணமி அன்று காலையில் அவரே வருவார், புதுப் பிள்ளையை நிறுத்தி, "இது யாரு?" என்று கேட்பார். கூடப் படிக்கிற மூன்று பேர் எழுந்து அந்தப் பிள்ளையைப் பற்றி ஆளுக்கொரு சேதி சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லையா, பிள்ளை வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இது என்ன நியாயம், சின்னப் பிள்ளையா தன்னை நிரூபிக்க வேண்டும் என்று கேட்கிறீர்களா? நல்லாக் கேளுங்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன்.

பௌர்ணமிக்கு ஒரு மாதம் இருக்கும்போது வெயிலாச்சி வந்து சேர்ந்தாள். ஏழு வயது, உப்பளத்துக்காரி மகள். அவள் அம்மாவுக்குக் காலெல்லாம் உப்பு அரித்து வெடிப்பு. "என் காலு என்னோட போகட்டும், நீ எழுத்துப் படி தாயி" என்று அவள்தான் மணல் அள்ளிக் கொடுத்து அனுப்பினாள். பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பினால் மறுநாளே வெயிலாச்சியும் உப்புப் பாத்தியில் இறங்க வேண்டும்.

வாத்தியாரை அந்த ஊரில் அண்ணாவி என்பார்கள். அண்ணாவி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்க மண்ணு இது?"

"உப்பளத்து மண்ணுங்கய்யா."

"கலக்காதே! உப்பு மண்ணு ஈரம் கோக்கும், பள்ளிக்கூடமே நசநசன்னு போயிரும். அந்த மூலையில கொட்டிட்டு அங்கேயே உக்காரு." அப்புறம் பிரம்பை ஆட்டி, "எவனாவது எவளாவது இவகூடப் பேசினீங்க, தோலை உரிச்சிருவேன்" என்றார்.

பார்த்தீர்களா? பேசவிடாமல் செய்ததும் அவர்தான், "இவளை யாருக்கும் தெரியாது ராசா" என்று சொல்லக் காத்திருந்ததும் அவர்தான்!

அப்புறம் ஆடிக் காற்று வந்தது. மாடக்கண்ணு என்று ஒரு பையன், குயவர் வீட்டுப் பிள்ளை, ஊரே அவனை மண்டு என்று சொல்லும். அவன் மணலில் ஒரு பானை வரைந்தான், காற்று அள்ளிக்கொண்டு போனது. மறுபடியும் வரைந்தான், மறுபடியும் போனது. மூன்றாவது தடவையும் போனது. அழுகையோடு திரும்பிப் பார்த்தால், மூலையில் வெயிலாச்சி நேற்று வரைந்த கொக்கு அப்படியே நிற்கிறது. ஈர மணலாச்சே!

அண்ணாவி சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம். மாடக்கண்ணு எழுந்து மூலைக்கு நடந்தான்.

"டேய், தோலை உரிப்பாருடா!" என்றாள் கோமு, மடப்பள்ளிச் சமையல்காரர் மகள்.

"பேசக்கூடாதுன்னுதானே சொன்னாரு? வரையக்கூடாதுன்னு சொல்லலையே."

வெயிலாச்சி நகர்ந்து உட்கார்ந்து, தன் மணலில் பாதியை அவனுக்கு விட்டாள். அவன் பானை வரைந்தான். பானை நின்றது. கொக்குக்கு ஏன் ஒரே கால் என்று அவன் விரலால் தொட்டுக் கேட்க, அவள் பக்கத்திலே ஒரு வலையை வரைந்து, அதில் மற்றக் காலைச் சிக்க வைத்துக் காட்டினாள். கொக்கின் வாய்க்கு நேரே ஒரு மீனையும், மீனைப் பிடித்த சின்னக் கையையும் போட்டாள்.

மறுநாள் அவன் செங்கல் பொடி கொண்டுவந்தான். அதற்கு மறுநாள் கோமு மஞ்சள் பொடியோடு வந்தாள். அப்புறம் கொல்லர் மகன் சப்பாணிமுத்து கரித்தூள் கொண்டுவந்தான். வெயிலாச்சி தன் அம்மாவின் இரண்டு பாதங்களை வரைந்து, வெடிப்புகளுக்குள் செங்கல் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்தாள். கோமு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் அப்பாவின் கையை வரைந்தாள், அடுப்புச் சூட்டுத் தழும்போடு.

பௌர்ணமிக்கு முதல் நாள் வெயிலாச்சி தன் பேரைக் கரித்தூளால் தானே எழுதினாள்.

ராசா வந்தார். "அண்ணாவி, இது யாரு?"

"யாருக்கும் தெரியாது ராசா. அனுப்பிரலாம்."

ராசா பிள்ளைகளைப் பார்த்து, "இது யாரு?" என்றார். பிள்ளைகள் பிரம்பைப் பார்த்தார்கள். மறுபடி கேட்டார். வெயிலாச்சி காலிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது மாடக்கண்ணு எழுந்தான்.

"ராசா, இவகூடப் பேசினா தோலை உரிப்பேன்னு அண்ணாவி சொல்லியிருக்காரு. உங்ககூடப் பேசலாமா?"

ராசா அண்ணாவியை ஒரு பார்வை பார்த்தார். "பேசுப்பா."

"அவகிட்ட ஒத்தைக்கால் கொக்கு ஒண்ணு வரும். அவதான் மீன் போடுவா."

கோமு எழுந்தாள். "அவ அம்மா காலு உப்புல வெடிச்சு ரத்தம் வருது ராசா."

சப்பாணிமுத்து எழுந்தான். "அவ பேரு வெயிலாச்சி. அவளே எழுதினா. பாருங்க, இன்னும் அழியலை."

ராசா மூலைக்குப் போய்க் குனிந்து, கொக்கையும் பாதத்தையும் பேரையும் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

"மூணு பேர் அறியாத ஆளுக்கு இங்க இடமில்லை, இல்லையா அண்ணாவி?"

"ஆமா ராசா."

"பிள்ளைகளா, இந்த அண்ணாவியைப் பத்தி மூணு சேதி சொல்லுங்க."

"அவரு பிரம்பு புளியங்குச்சி" என்றான் மாடக்கண்ணு.

"அப்புறம்?"

"அடிச்சா ரொம்ப வலிக்கும்" என்றாள் கோமு.

"மூணாவது?"

யாருக்கும் தெரியவில்லை. அவர் பேர்கூடத் தெரியவில்லை.

"பிரம்பை வச்சிட்டு, உம்ம வீட்டு வாசல்ல ஒரு பெட்டி மணல் அள்ளிட்டு வாரும். இந்தப் பிள்ளைகள் உம்மை அறியிற வரைக்கும் அந்த மூலைதான் உமக்கு" என்றார் ராசா. அவர் போட்ட சட்டத்தை மாற்றவில்லை. ஆனால் அன்று முதல், பிள்ளையை நிறுத்தும் முன்னாலே அண்ணாவியை நிறுத்திக் கேட்பது என்று ஆனது.

பிள்ளைகள் உப்பு மணலை அள்ளி எல்லா மணலோடும் கலந்தார்கள். அண்ணாவி மூலையில் தன் காய்ந்த மணலில் ஒரு வீடு வரைந்தார், காற்று கொண்டு போனது. மறுபடி வரைந்தார், போனது. மூன்றாவது தடவையும் போனது. வெயிலாச்சி ஒரு கைப்பிடி உப்பு மணல் கொடுத்திருக்கலாமே என்கிறீர்களா? கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்க வேண்டுமானால் முதலில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டுமே! ஆவணி பிறந்தும் அவர் அந்த மூலையிலேயேதான் இருந்தாராம்.

காற்று ஓய்ந்தது, மணல் அமர்ந்தது, என் கதையும் அமர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை பேரென்ன? அதைச் சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.