பாதியில் எழுந்த நீர்நாய்

காட்டுக் குளத்தில் தொற்காள் என்றொரு நீர்நாய் இருந்தாள். குளம் நிரம்பினால் உபரித் தண்ணீர் கலிங்கு வழியாக வெளியேற வேண்டும். அந்தக் கலிங்கில் சிக்கும் கொடியையும் குப்பையையும் தினமும் இழுத்துப் போடுவது அவள் வேலை.

காலைதோறும் காட்டு உயிர்கள் மருத மரத்தடியில் கூடி ஆண்டவரைத் துதிக்கும். எலியேசர் என்ற வெள்ளைக் கொக்கு ஜெபம் நடத்துவார். தொற்காள் எப்போதும் தாமதமாக வந்து பின்னால் ஒண்டிக்கொள்வாள். அவள்மேல் சேற்று நாற்றம் என்று மைனாக்கள் விலகி உட்காரும். கடவுளுக்குப் பிரியமானது பாட்டும் ஜெபமும்தான், தன் பிழைப்பு வெறும் சேறு என்று அவளும் நம்பிவிட்டாள்.

அறுப்பின் பண்டிகை வந்தது. மூன்று நாளாக அடைமழை. அன்று ஒரு நாளாவது முழு ஆராதனையிலும் இருந்துவிடுவது என்று கலிங்குப் பக்கமே போகாமல், குளித்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் வயலெலி யாயேல். கரைக்குக் கீழே வளையில் ஐந்து குட்டிகளைத் தூங்க வைத்துவிட்டு வந்திருந்தாள்.

இரண்டாம் பாட்டின்போது தொற்காளின் காது விடைத்தது. கலிங்கில் தண்ணீர் விழும் ஓசை குறைந்துகொண்டே வந்தது. பிறகு அடியோடு நின்றது.

தண்ணீர் வெளியேறவில்லை என்றால் கரை உடையும். உடைந்தால் முதலில் போவது யாயேலின் வளை.

குட்டிகளை மேட்டுக்குத் தூக்கிப் போகும்படி யாயேலின் காதில் சொல்லிவிட்டுத் தொற்காள் எழுந்தாள். எலியேசர் பாட்டை நிறுத்தினார்.

"ஆண்டவர் சந்நிதியை விட அவசரமான வேலை என்னம்மா உனக்கு?"

அவள் கலிங்கை நோக்கி ஓடினாள்.

கலிங்கின் வாயில் ஒரு முட்கிளை குறுக்கே விழுந்திருந்தது. அதைச் சுற்றிக் கொடிகள் இறுகியிருந்தன. கரையின் சரிவில் ஓரிடத்தில் தண்ணீர் கசிய ஆரம்பித்திருந்தது. தொற்காள் முங்கி, கிளையை அடியிலிருந்து முதுகால் நெம்பினாள். முள் தோலைக் கிழித்தது. கிளை அசைந்தது, கொடிகள் மறுபடி பிடித்து இழுத்தன. கொடியை அறுக்கப் போனால் கிளை இறங்கியது. மூச்சு முட்டியது. ஜெபிக்க வார்த்தை எதுவும் வரவில்லை. 'ஆண்டவரே, இந்தக் கொடி' என்பது மட்டும் மனதில் ஓடியது.

அவளைக் கண்டித்துத் திரும்ப அழைத்து வரத்தான் எலியேசர் பின்னாலேயே பறந்து வந்தார். கரையின் கசிவைப் பார்த்தார். கசிவு அதற்குள் ஓட்டையாகியிருந்தது. உடனே கலிங்கின் வாயில் கழுத்தளவு சேற்றில் இறங்கினார்.

"நீ தாங்கிப் பிடி," என்றார். "நான் அறுக்கிறேன்."

அலகால் ஒவ்வொரு கொடியாக அறுத்தார். கடைசிக் கொடி அறுந்ததும் கிளை பிய்த்துக்கொண்டு போனது. கலிங்கு இரைந்தது. நீர்மட்டம் மெல்ல இறங்கி, கரையின் ஓட்டையும் வறண்டது.

அதற்குள் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஐந்து குட்டிகளையும் மேட்டில் சேர்த்துவிட்டு வந்த யாயேல், தொற்காளின் காயங்களை நக்கிவிட்டாள். ஆராதனையை முதலிலிருந்து தொடங்கலாமா என்று மைனா ஒன்று எலியேசரைக் கேட்டது.

உடம்பெல்லாம் சேறாக நின்ற எலியேசர் தொற்காளைப் பார்த்தார்.

"எதற்கு? அது நடுவில் எங்கேயும் நிற்கவில்லையே," என்றார்.

தன் வேலையை ஆண்டவருக்கென்று உண்மையாகச் செய்கிறவர், அந்த வேலையிலேயே அவரைத் தொழுகிறார்.