மேற்குத் தெருக் கயிறு

"பொய் எழுதி ஒருத்தருக்குச் சோறு போட்டா, அது பாவமுங்களா?"

மாகாணக் கணக்கர் நாச்சிமுத்து வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மடத்தம்மா அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த மடம். வண்டிக்காரர்களும் வழிப்போக்கர்களும் மத்தியானத்தில் அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் மலை ஏறுவார்கள்.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தேழு வயது. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இருந்தாலும் மனசில் முள் தைத்தால் அவர் அவளிடம்தான் ஓடி வருவார். அதில் அவருக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது.

"மொதல்ல செருப்பைக் கழட்டுங்கண்ணா," என்றாள் மடத்தம்மா. "சோறு தின்னது ஆரு?"

"பாவாயிங்க. மேற்குத் தெருப் பாவாயி."

"பொய் எழுதினது?"

"நானுங்க."

"எங்க எழுதினீங்க?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "பலகையிலங்க."

களித் துடுப்பு ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி கிண்ட ஆரம்பித்தது.

அந்த மாகாணத்தில் ஒரு சட்டம் உண்டு. கஜானாவிலிருந்து போன ஒவ்வொரு காசும் யாருக்குப் போனது, எதற்குப் போனது என்று மாதா மாதம் சந்தைத் திடலில் இருக்கும் பெரிய கரும்பலகையில் எழுத வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து எந்த வரியின் மேலும் விரல் வைக்கலாம். வைத்துவிட்டால் கணக்கர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் இல்லையென்றால் அடுத்த பலகை வரை தவணை. அதற்கும் பதில் இல்லையென்றால், கஜானாச் சாவியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

முப்பத்தாறு வருஷமாக நாச்சிமுத்துதான் அந்தப் பலகையை எழுதுகிறார். முத்து முத்தான கையெழுத்து.

பலகையில் மூன்று தலைப்புகள். முதலாவது, சம்பளம். அதற்குக் கீழே பெயர் எதுவும் இருக்காது. மொத்தமாக ஒரு தொகை, ஒரே வரி. இரண்டாவது, கொள்முதல். வாங்கிய பொருள்களெல்லாம் அதில் வரும். மூன்றாவது, உதவி பெறும் ஏழைகள். அதில் மட்டும் ஆள் பெயர், தெருப் பெயர், தொகை எல்லாம் விலாவாரியாக இருக்கும்.

பாவாயியை அந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. ஐந்நூறு இலைக் கல்யாணம் என்றாலும் ஒற்றை ஆளாக அடுப்பின் முன் நின்று சமாளிக்கிறவள். போன ஐப்பசியில் கொதிக்கும் எண்ணெய் வலது கையில் கொட்டிவிட்டது. புண் ஆறியது. மடங்கிய விரல்கள் நிமிரவில்லை. கரண்டி பிடிக்க முடியாத சமையல்காரியை யார் கூப்பிடுவார்கள்?

கஜானாவிலிருந்து அவளுக்கு உதவி ஒதுக்கினார்கள். நாச்சிமுத்துவே பணத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பலகையில என் பேரு வருங்களா?"

"வரணுமுங்க. சட்டம் அப்படி."

பணத்தை அவர் பக்கமே தள்ளிவிட்டாள். "இந்த ஊர்ல நான் சோறாக்கிப் போடாத வீடு இல்லீங்க. அவங்கெல்லாம் சந்தையில நின்னு, ஏழைகள்னு போட்டு அதுக்குக் கீழ என் பேரைப் படிக்கறதுக்கு, நான் பட்டினியாக் கெடந்துக்கறேன்."

சொன்னபடியே கிடந்தாள். பத்து நாள் அவள் வீட்டுக் கூரையில் புகை வரவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பதினோராம் நாள் நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. பணத்தை அவள் வாசற்படியில் வைத்து, "பேரு வராதுங்க," என்று சொல்லிவிட்டு வந்தார். பலகையில் கொள்முதல் என்ற தலைப்புக்குக் கீழே, 'மேற்குத் தெருக் கிணற்றுக்குக் கயிறு' என்று எழுதினார். அவள் இருப்பது மேற்குத் தெரு. அந்த நேரத்தில் கைக்கு வந்தது அதுதான்.

மூன்று மாதம் அப்படியே ஓடியது. மூன்றாவது பலகையில், அந்தத் தெரு ஆட்டு வியாபாரி அங்கணன் வந்து கயிற்று வரியின் மேல் விரலை வைத்துவிட்டார்.

"மூணு மாசமா மூணு கயிறு வாங்கியிருக்கீங்க. எங்க கிணத்துல அதே நைஞ்ச கயிறு நாலு முடிச்சோட தொங்குது. வாங்கின கயிறெல்லாம் எங்கீங்க?"

அடுத்த பலகைக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

"பாவாயி பேரைச் சொல்லிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள் மடத்தம்மா.

"உசுரை விட்டுருவாங்க அம்மா. ரோசக்காரி."

"சொல்லாட்டி?"

"நான் திருடன்."

"சரி, உட்காருங்க. பந்தி போடற நேரம்."

நாச்சிமுத்துவுக்குச் சாப்பாட்டில் மனசு இல்லை. ஆனால் மடத்தம்மா உட்காரச் சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாது. உட்கார்ந்தார். அவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். எல்லோர் முன்னாலும் இலை. எல்லா இலையிலும் களியும் கீரைக் குழம்பும். பசி தெரியாமல் வந்தவர் இரண்டு உருண்டை சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு வந்ததும் மடத்தம்மா கேட்டாள். "ஏனுங்ணா, பந்தியில ஏழைங்க எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாங்க?"

"கவனிக்கலீங்க அம்மா."

"முப்பத்தாறு வருசம் கணக்குப் பாத்த கண்ணு. கவனிக்கலையாக்கும்?"

"எல்லாரும் ஒரே வரிசையில உட்கார்ந்து தின்னா, அதுல ஏழை ஆருன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

"அதானே," என்று சொல்லிவிட்டு மடத்தம்மா பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டாள்.

நாச்சிமுத்துவுக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு தூரம் நடந்து வந்தது களி தின்னவா? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தொட்டியடியிலிருந்து குரல் வந்தது. "கயிறு வாங்கிட்டீங்களா?"

"என்ன கயிறுங்க?"

"எழுதினீங்களே, அந்தக் கயிறு."

"அது சும்மா எழுதினதுங்க அம்மா."

"எழுத்து சும்மா இருந்துட்டுப் போகட்டும். கிணறு சும்மாவா இருக்குது?"

 திரும்பும் வழியில் தன் சொந்தக் காசில் ஒரு கயிறு வாங்கினார். நல்ல தேங்காய் நார்க் கயிறு. தோளில் போட்டுக்கொண்டு நேராக மேற்குத் தெருவுக்கு நடந்தார்.

கிணற்றடியில் ஒரே ஒருத்திதான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். பாவாயி.

இடது கையால் கயிற்றை இழுத்து, மடங்கிய வலது கைக்குள் கொடுத்து நெருக்கிப் பிடித்து, மறுபடி இடது கையால் இழுத்தாள். முடிச்சு வரும்போதெல்லாம் அது வலது உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு போனது. அந்த இடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. நாலு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சுக்கும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

எதுவும் பேசாமல் பழைய கயிற்றை அறுத்துவிட்டுப் புதியதைக் கட்டினார். குடத்தை நிரப்பி வைத்தார்.

"இப்பத்தான் கயிறு வந்துதுங்களா?" என்று கேட்டாள் பாவாயி. "பலகையில மூணு மாசமா இருக்குதுன்னு அங்கணன் சொல்லிட்டுத் திரிஞ்சாரு."

"பலகையில இருந்தது கயிறு இல்லீங்க."

"பின்ன?"

"நீங்கதானுங்க."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது துவைக்கிற கல்லின் மேல் மெல்ல உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு மாசமா நான் கயிறாவா இருந்தேன்?"

நாச்சிமுத்து அறுத்த பழைய கயிற்றை எடுத்துச் சுருட்டினார்.

"உங்க மேல கோவமில்லீங்க," என்றாள் பாவாயி. "பேரு வேண்டாம்னு சொன்னது நாந்தான். ஆனா இனிமே கொண்டாராதீங்க. ஏழைன்னும் வேண்டாம், கயிறுன்னும் வேண்டாம்."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். கிணற்றடியில் நாச்சிமுத்து பழைய கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பலகை நாள் வந்தது. காலையிலேயே திடலுக்குப் போய்ப் பலகையைக் கழுவினார். சுண்ணாம்பைக் குழைத்தார். முப்பத்தாறு வருஷத்துப் பழக்கம்; கை தானாகவே மூன்று தலைப்புகளையும் எழுதியது. மூன்றாவதை எழுதி முடித்துவிட்டுத் தள்ளி நின்று படித்தார்.

உதவி பெறும் ஏழைகள்.

எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்?

நெடுநேரம் அப்படியே நின்றார். பிறகு ஈரத் துணியை எடுத்து மூன்று தலைப்புகளையும் துடைத்தார். மேலே ஒரே ஒரு வரி எழுதினார்: கஜானாவிலிருந்து வாங்கினவர்கள். அதற்குக் கீழே, பணம் கொடுத்த வரிசையில், ஒருவர் விடாமல் எல்லோர் பெயரையும் எழுதிக்கொண்டே போனார்.

சட்டத்தில் எல்லாச் செலவும் என்றுதான் இருந்தது; ஏழைகளுக்கென்று தனித் தலைப்பு எதுவும் அதில் இல்லை. அதை யாரும் முழுசாகப் படித்ததில்லை, கையெழுத்துப் போட்ட மாகாணத் தலைவர் உட்பட.

ஒரு வரி மட்டும் வெறுமையாக இருந்தது.

சந்தை கூடியது. அங்கணன் முதல் ஆளாக வந்தார். பலகையைப் பார்த்துவிட்டு விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார்.

"இந்த மாசம் கயிறு வரியே இல்லீங்களே?"

"கயிறு வாங்கலீங்க. மூணு மாசமும் பொய் எழுதினேன். அந்தக் காசை என் சம்பளத்துல பிடிச்சுட்டேன். அதையும் எழுதியிருக்கறேன், என் பேருக்கு நேரே பாருங்க."

கூட்டம் சலசலத்தது.

"பின்ன கஜானாப் பணம் ஆருக்குப் போச்சு?"

"அதை நான் சொல்ல மாட்டேனுங்க," என்றார் நாச்சிமுத்து.

"உங்களை எங்கப்பன் காலத்துல இருந்து நம்புனமுங்க," என்றார் அங்கணன்.  "சாவியை வெச்சுட்டுப் போயிருங்க."

நாச்சிமுத்து இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். முடிச்சு சீக்கிரம் அவிழவில்லை.

"அந்தக் கயிறு நாந்தானுங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு பாவாயி நின்றிருந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் சந்தைக்கு வந்திருந்தாள்.

அங்கணன் சாவிக்கு நீட்டிய கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். அவருடைய மூன்று பெண்களின் கல்யாணத்துக்கும் சமைத்தது அவள்தான்.

பாவாயி பலகையின் அருகே வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மடங்கிய விரலை முதல் வரியின் மேல் வைத்தாள்.

சட்டப்படி கணக்கர் பதில் சொல்ல வேண்டும்.

"மாகாணத் தலைவருங்க," என்றார் நாச்சிமுத்து.

"அவருங்கூடவா வாங்கறாரு?"

"மாசம் பொறந்ததும் மொத ஆளு அவருதானுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். விரல் ஒரு வரி இறங்கியது.

"இது?"

"நானுங்க. முப்பத்தாறு வருசமா வாங்கறேன்."

பாவாயி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். முந்தானை தோளில் சரிந்தது. அவள் அதைத் திரும்ப இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. விரல் இன்னும் ஒரு வரி இறங்கியது. அங்கே எழுத்தே இல்லை. அதையும் தாண்டி அடுத்த வரிக்குப் போனது.

"இது ஆருங்க?"

"மலைப்பாதை மடத்தம்மாங்க. பந்திக்கு ராகி, மூணு மூட்டை."

விரல் வெறும் வரிக்குத் திரும்பி வந்து, அங்கேயே நின்றது.

"இது?"

"நீங்க சொன்னாத்தானுங்க எழுதுவேன்," என்றார் நாச்சிமுத்து. "வேண்டாம்னா இப்படியே இருக்கட்டும்."

பாவாயி பலகையை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். ஐந்நூறு இலை போட்ட பிறகு, பரிமாறுவதற்கு முன்னால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"பந்திக்கு நடுவுல எலையைக் காலியா விடக் கூடாதுங்க," என்றாள். "எழுதுங்க."