ஏழாவது வாத்து

சீடருக்கு வயது அறுபத்தாறு. குருவுக்கு நாற்பத்தொன்று. சாத்தூரில் அந்த ஓவிய வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் இதில் குழம்பிப்போய், சீடருக்கு வணக்கம் வைத்துவிட்டு குருவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். குருவும் கொண்டுவந்து கொடுப்பார். இருவருமே இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வகுப்பைத் தொடங்கியவர் அருமைநாயகம் ஐயா. பிள்ளைகளுக்காக இருபத்துமூன்று புத்தகங்கள் எழுதியவர். அத்தனைக்கும் படமும் அவரே வரைந்தார். அவர் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. சிறுமியாக அவரிடம் வந்து சேர்ந்த எஸ்தர்தான் இப்போது டீச்சர்.

சீடரின் பெயர் திருவேங்கடம். அச்சகங்களில் முப்பது வருடம் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் முகூர்த்தம் எப்போது என்று பார்க்கமாட்டார், எங்கே பிழை இருக்கிறது என்று பார்ப்பார். ஏழு வருடம் முன்பு ஐயாவிடம் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அவர் வரைவது வாத்து மட்டும்தான். எதிரில் மாம்பழத்தை வைத்து வரையச் சொன்னாலும் தாளில் வாத்துதான் இருக்கும். ஐயா ஒரு நாளும் காரணம் கேட்டதில்லை.

நினைவு நாளுக்கு என்ன செய்யலாம் என்று ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சிலை என்றார் ஒருவர். தெருவுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். எஸ்தர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஐயாவின் முதல் புத்தகத்தை மறுபடி அச்சிடலாம் என்று மட்டும் சொன்னார்.

அந்தப் புத்தகத்தின் பெயர் 'ஏழு வாத்தும் ஒரு சந்தையும்'. பக்கங்களைச் சரிபார்க்கும் வேலை திருவேங்கடத்திடம் வந்தது. வேறு யாரிடம் போகும்?

அச்சுக்கு அனுப்ப வேண்டிய நாள் காலையில் அவர் சீக்கிரமே வந்துவிட்டார். கையில் ஒரு சின்னத் தாள்.

"பன்னிரண்டாம் பக்கம், டீச்சர்."

எஸ்தருக்கு எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. 'ஏழு வாத்தும் வரிசையாகப் பாலத்தைக் கடந்தன' என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும். படத்தில் ஆறு வாத்துதான் இருக்கும். எழுதியவரும் ஐயாதான், வரைந்தவரும் ஐயாதான். பழி போட வேறு ஆள் கிடையாது.

திருவேங்கடம் தாளை மேசைமேல் வைத்தார். அதில் ஒரு வாத்து இருந்தது. ஆறாவது வாத்துக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்துக்கு அளவெடுத்து வரைந்தது. கழுத்திலிருந்து வால்வரை தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பாக இழுப்பது ஐயாவின் பழக்கம். அதுகூட அப்படியே வந்திருந்தது.

"நல்லா இருக்கு சார். ஐயா வரைஞ்ச மாதிரியே இருக்கு."

"வரிசைக் கடைசியில சேர்த்திருவோம் டீச்சர்."

"எதுக்கு சார்?"

"ஐயா பேர்ல ஒரு பிழை நிக்கக் கூடாது. நினைவு நாளுக்கு ஊரே வந்து பார்க்கும்."

"அஞ்சு பதிப்பு வந்திருக்கு. ஐயா திருத்தலையே."

"நேரம் இருந்திருக்காது."

"ஒரு வாத்து வரைய ஐயாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"அந்தப் புத்தகத்துக்குப் புரூஃப் பார்த்தது நான்தான் டீச்சர்."

எஸ்தர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"எழுத்து எழுத்தாப் பார்த்தேன். ஒரு கமா தப்பலை. வாத்தை எண்ணலை. புத்தகம் கடைக்குப் போன பிறகு என் மகதான் எண்ணிச் சொன்னா. அப்போ அவளுக்கு ஆறு வயசு."

"ஐயாகிட்ட சொல்லலையா?"

"அப்போ தைரியம் வரலை, ரிட்டயர் ஆனதும் சொல்லத்தான் இங்க வந்தேன். முதல் நாள், என்ன வரையணும்னு கேட்டார். வாத்துன்னு வாயில வந்திருச்சு. அதுவரைக்கும்தான் வந்துச்சு, மீதி வரலை. இன்னைக்குச் சொல்லிரணும், நாளைக்குச் சொல்லிரணும்னு ஆறு வருஷம் போச்சு. அப்புறம் அவரே போயிட்டார்."

தாளை எஸ்தர் பக்கம் லேசாக நகர்த்தினார்.

"இது ஒண்ணை மட்டும் சேர்த்திருங்க டீச்சர். என் மனசு ஆறிரும்."

எஸ்தர் தாளைத் தொடவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்து ஒரு பழைய தபால் அட்டையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

அட்டையில் ஒரு வாத்து மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு செருப்பை இறக்கையில் இடுக்கியிருந்தது. கீழே ஐயாவின் கையெழுத்து: 'அன்புள்ள எஸ்தர், நீ சொன்ன பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். நீ சொன்னது சரி. செருப்பு அறுந்து பின்தங்கிவிட்டதாம். பிடித்து உன்னிடமே அனுப்புகிறேன். பார்த்துக்கொள்.'

"எனக்கு ஒன்பது வயசு அப்போ," என்றார் எஸ்தர். "எங்க வீட்ல நான் பேசினா யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாங்க. நீ சொன்னது சரின்னு ஒரு பெரிய ஆள் எழுதினது அதுதான் முதல் தடவை. அப்பாவைப் படுத்தி எடுத்து அடுத்த மாசமே இங்க வந்து சேர்ந்துட்டேன்."

"வேற பிள்ளைங்களும் கேட்டிருப்பாங்களே, எல்லாருக்கும் இதே வாத்தா?"

"ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு. ஒரு பையனுக்கு வந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம் டீ குடிச்சிட்டு இருந்துச்சாம். இன்னொருத்திக்கு வந்ததுக்குக் காய்ச்சல், கழுத்துல மப்ளர்."

"எத்தனை பேருக்கு அனுப்பினார்?"

"கேட்ட எல்லாருக்கும். ரெண்டாம் பதிப்பு வரும்போது திருத்தணும்னு தூரிகையை எடுத்தாராம். அன்னைக்குத் தபால்ல வாத்தைக் கேட்டு நாலு கடிதம். தூரிகையைக் கழுவி வச்சிட்டார்."

திருவேங்கடம் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"அந்தப் பிழையை விட்டது யாருன்னு அவருக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியாது. ஆனா நீங்க வர்றதுக்கு முன்னாடி வகுப்புல அடிக்கடி சொல்வார். 'அந்தப் புரூஃப் பார்த்த புண்ணியவான் யாரோ, எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். அவன் மட்டும் எண்ணியிருந்தா இத்தனை பிள்ளைங்க எனக்குக் கடிதம் போட்டிருக்குமா'ன்னு."

திருவேங்கடம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. எஸ்தர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். அவருக்கும் முகத்தைத் துடைக்க வேண்டியிருந்தது.

அச்சகத்திலிருந்து போன் வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் ஏதோ மாற்றம் என்று திருவேங்கடம் சார் சொன்னாரே, எப்போது வரும் என்று கேட்டார்கள். எஸ்தர் போனைத் திருவேங்கடத்திடம் நீட்டினார்.

அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு கையிலிருந்த அட்டையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாற்றம் ஒண்ணும் இல்லை. பழைய படமே இருக்கட்டும். ஆமா, ஆறுதான். தெரியும். எண்ணிட்டேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தான் கொண்டுவந்த தாளை மடிக்கப் போனார்.

"மடிக்காதீங்க சார்."

எஸ்தர் அலமாரியிலிருந்து ஒரு கட்டு கடிதங்களை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

"ஐயா போன பிறகு வந்தது. பதினொண்ணு இருக்கு. பள்ளிக்கூட நூலகங்கள்ல பழைய புத்தகம் இன்னும் இருக்கு போல. ஐயா இல்லைங்கிறது அந்தப் பிள்ளைங்களுக்குத் தெரியலை."

திருவேங்கடம் மேலே இருந்ததைப் பிரித்தார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள்.

'அன்புள்ள ஐயா, பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வாத்தை காணவில்லை. நான் நாலு தடவை எண்ணி பார்த்தேன். எங்கள் மிஸ்ஸும் எண்ணினார்கள். அது எங்கே போனது? பாவம். சீக்கிரம் பதில் போடவும். இப்படிக்கு, ர. தாமரைக்கனி, நான்காம் வகுப்பு.'

இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தேதியைப் பார்த்தார். ஏழு மாதம் ஆகியிருந்தது.

"நீங்க பதில் போடலையா டீச்சர்?"

"உட்கார்ந்து பார்த்தேன் சார். வரலை. நான் வாத்தைக் கேட்டு வாங்கினவ. கொடுக்கிற இடத்துல என்னால உட்கார முடியலை."

திருவேங்கடம் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டார். மைப்புட்டியைத் திறந்தார். எஸ்தர் புதிய தபால் அட்டை ஒன்றை அவர் முன்னால் வைத்தார். அவர் தூரிகையை மையில் தொட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயா பேர்லயே எழுதிரட்டுமா? அவர் கையெழுத்தும் எனக்கு வரும்."

"உங்க பேர்லயே எழுதுங்க சார். தொலைச்சவர்தானே தேடிக் கொடுக்கணும்."