கோரை கீழே வளர்ந்த கதை

அந்தக் காலத்தில் பயிர் வேறு, களை வேறு என்ற பேச்சே கிடையாது. செடிகள் வாய்விட்டுப் பேசின. கிடைத்த இடத்தில் முளைத்தன. ஒரு செம்மண் மேட்டில் கோரைப்புல் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது. அங்கேதான் மாரப்பனும் அவன் மனைவி பாவாயியும் முதன்முதலாக ஏர் பூட்டிச் சோளம் விதைத்தார்கள். ஆட்டுப் புழுக்கையைச் சோளத்தின் காலடியில் மட்டும் கொட்டினார்கள்.

பாவாயிக்கு மற்ற எல்லாவற்றையும் அன்றே பிடுங்கிவிட ஆசை. மாரப்பன் நியாயம் பார்க்கிறவன். தை பிறக்கும்போது எந்தச் செடி தன் இடுப்புயரம் நிற்கிறதோ அது இருக்கட்டும், மற்றவை போகட்டும் என்று வரப்பில் நின்று சொன்னான். மண்ணுக்கு மேலே தெரிவதுதான் வளர்ச்சி என்று அவன் நம்பினான்.

சோளம் எல்லாச் சத்தையும் தண்டுக்கும் இலைக்கும் ஏற்றிக் கிடுகிடுவென்று உயர்ந்தது. கீழே நிழல் கவிந்தது. பக்கத்தில் இருந்த குப்பைமேனி பயந்துபோய், வேருக்கு வைத்திருந்ததையும் எடுத்துத் தண்டுக்கே கொடுத்தது. வெளிச்சத்தைத் தேடி எட்டி எட்டி, நூல் மாதிரி வெளுத்து நின்றது. கோரையையும் அப்படியே செய்யச் சொல்லி மன்றாடியது.

"நீயும் எட்டு, அக்கா. இல்லாவிட்டால் தையோடு நம் கதை முடிந்தது."

"புழுக்கை கிடப்பது சோளத்தின் காலடியில். அதற்காக வைத்த பந்தயத்தில் நான் ஏன் ஓட வேண்டும்?" என்றது கோரை.

சோளம் மேலிருந்து குனிந்தது. "கீழே யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறதே. கொசுவா?"

"குடியிருக்கிறவள். நீ அறுபட்ட பிறகும் இங்கே இருப்பேன்."

சொல்லிவிட்டதே தவிர, எப்படி இருப்பது என்று கோரைக்கே தெரியவில்லை. நிழலில் கிடைப்பது ஒரு வாய்ச் சத்து. அதை இலையில் போட்டால் இரண்டு விரல் உயரலாம், இடுப்பு எட்டாது. யோசித்து யோசித்து, இலைக்கு உயிர் பிடித்திருக்கிற அளவு மட்டும் விட்டுவிட்டு மிச்சம் அத்தனையையும் மண்ணுக்குள் அனுப்பியது. கீழே ஒரு கிழங்கு, அதிலிருந்து ஒரு நரம்பு, நரம்பின் முனையில் இன்னொரு கிழங்கு என்று மணி கோத்ததுபோல ஓடியது. மேலே நாலு ஈர்க்குதான் தெரிந்தது.

மார்கழிக் காற்றில் குப்பைமேனி, தாங்க வேர் இல்லாமல் மடங்கி விழுந்தது. கோரை மண்ணுக்குள் இன்னொரு கிழங்கு வைத்தது.

தை பிறந்தது. சோளம் மாரப்பன் தலையையே தாண்டியிருந்தது. கோரை முழங்காலுக்குக்கூட வரவில்லை. பாவாயி குனிந்து மேலே தெரிந்த ஈர்க்குகளை ஒரே இழுப்பில் பிடுங்கி வரப்பில் எறிந்தாள்.

சோளத்தை அறுத்தார்கள். ஒரு மழை பெய்தது. எட்டாம் நாள் அதே இடத்தில் கோரை பச்சையாக நின்றது. வெயில் முழுவதும் இப்போது அதற்குத்தான்.

பாவாயிக்கு ஆத்திரம் பொங்கியது. களைக்கொத்தை எடுத்து ஆழக் கொத்தினாள். கிழங்குகளைக் கோத்திருந்த நரம்புகள் அறுந்தன. தாய்க் கிழங்கின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அதுவரை தூங்கிக் கிடந்த பிள்ளைக் கிழங்குகள், அதட்ட ஆள் இல்லை என்று தெரிந்ததும் தனித்தனியே முளைத்தன. ஒன்று நின்ற இடத்தில் இருபது நின்றன.

மாரப்பன் வந்து பார்த்தான். எட்டாதவர்கள் போய்விடுவதாகத்தானே பேச்சு என்று கேட்டான்.

"பேச்சு நீ பேசியது," என்றது கோரை. "நான் எப்போது தலையாட்டினேன்?"

 அவன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னை ஏனுங்க பாக்கறீங்க? பெரிய நியாயம் சொன்னது நீங்கதானே," என்றாள் பாவாயி. கொத்தைப் போட்டுவிட்டுக் கோரையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "உனக்கு என்னதான் வேணும், தாயி?"

"ஒன்றும் வேண்டாம். நீ வருவதற்கு முன்னாலிருந்தே இங்கே இருக்கிறேன்."

"நான் பிடுங்கிக்கிட்டேதான் இருப்பேன்."

"பிடுங்கு. நானும் முளைத்துக்கொண்டேதான் இருப்பேன்."

பாவாயி எழுந்து மறுபடியும் கொத்தை எடுத்தாள். அன்று முதல்தான் கோரை, உண்பதையெல்லாம் மண்ணுக்கடியில் வைத்துக்கொண்டு, கொத்தக் கொத்தக் கூடிக்கொண்டே போகிறது.